இலை தொடாத பத்து

யாவ் ஷுய்கென் படகு ஓட்டிப் பிழைக்கிறவன். ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் பட்டுப்புழு வளர்க்கிற அறைக்குள் அவன் கால் வைத்ததில்லை. அந்தக் கால்வாய்க்கரை ஊர்களில் அது பெண்பிள்ளைகள் பார்க்கிற வேலை. ஆண்பிள்ளை மல்பெரி இலையைப் பறித்து வந்து வாசலில் இறக்குவான், அதோடு சரி.

அந்த வருஷம் அப்படி முடியவில்லை. கோதுமை அறுப்புக்கு முந்தின வாரம், புழுக்கள் தோலுரிக்கிற நாலாவது தூக்கத்திலிருந்து எழுந்து பெருந்தீனி எடுக்க ஆரம்பித்த இரண்டாம் நாள், அவன் பெண்டாட்டி யுன்ஷியான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். குடல்வால். நான்ஷுன் ஆஸ்பத்திரிக்குப் போய் அறுத்து எடுத்தாக வேண்டும் என்றார்கள். படகிலேயே கொண்டுபோனான். புத்தாண்டுக்கு என்று சொல்லி அவளே சோடா உப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வெளுத்துப்போன பலகை மேல் படுத்திருந்தாள். வலி உயிரை வாங்குகிறது, வாய் மட்டும் ஓயவில்லை.

"ஈர இலையைப் போடாத. ஒவ்வொண்ணாத் துடைச்சுப் போடு. ஈரத்தைத் தின்னா வயித்தால போகும்."

"உன் வயிறே கிழியப்போகுது. நீ புழு வயித்தைப் பத்திப் பேசுற."

"புழுன்னு சொல்லாதய்யா! பாப்பான்னு சொல்லு. எத்தனை தடவ சொல்றது?"

"சரி, உன் பாப்பாங்க."

"மீன் பொரிக்காத. சாராயத்தை வீட்டுக்குள்ள திறக்காத. பூண்டு நறுக்காத. கூடு எடுக்கிற வரைக்கும் யாரையும் உள்ள விடாத."

"நான் போகலாமா உள்ள?"

அவளுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு வலியில் போய் இடித்தது. "சிரிக்க வைக்காத, பாவி."

ஆஸ்பத்திரித் துறையில் அவளைத் தூக்கி இறக்கும்போது அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "போன வருஷம் மாதிரி ஆச்சுன்னா, நான் அந்த வீட்டுக்குள்ள வரமாட்டேன். தங்கச்சி வீட்டுக்கே போயிடுவேன்."

சொன்னால் செய்கிறவள்தான். தங்கச்சியைத் துணைக்கு வைத்துவிட்டுத் திரும்பினான். பாதி வழியில் இடுப்பைத் தடவினால் புகை பிடிக்கிற சுங்கானைக் காணோம், புகையிலைப் பையையும் காணோம். மூட்டைக்குள் அவள் திணித்துக்கொண்டதைப் பார்த்த மாதிரியும் ஒரு ஞாபகம். வயிறு அறுக்கப் போகிறவள் புருஷனின் சுங்கானைத் திருடிக்கொண்டு போகிறாள். இப்படியும் ஒரு பிறவி என்று கால்வாயைப் பார்த்துச் சொன்னான்.

போன வருஷம் நடந்தது இதுதான். பெருந்தீனியின் ஐந்தாம் நாள், விடிந்து வெயில் ஏறுவதற்குள் அத்தனை தட்டிலும் புழுக்கள் தலையைத் தூக்கி ஆட்டிக்கொண்டே கக்க ஆரம்பித்தன. சாயங்காலத்துக்குள் ஒன்றும் மிச்சமில்லை. யுன்ஷியான் இரண்டு நாள் தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து, செத்ததைச் சாப்பிடுகிற குச்சியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். வாரி எடுத்துக் கொட்டு என்றால் கேட்கவில்லை. அவன் வாசலில் நின்று பார்த்தான். யார் செய்தது என்று அவனுக்குச் சந்தேகமே இல்லை. கால்வாய்க்கு அந்தக் கரையில் இருக்கிற அய்ஜென்னின் புருஷன் நெல் நாற்றுக்கு மருந்தடித்திருக்கிறான், காற்று அதைத் தூக்கிவந்து இவர்கள் மரத்தில் போட்டிருக்கிறது. படித்துறையில் நின்று கத்தினான். இரண்டு கரையும் கேட்டது. அய்ஜென் துணி அடிக்கிற கட்டையைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள். பதில் பேசவில்லை. குற்றமுள்ள நெஞ்சு, எப்படிப் பேசும் என்று அவன் நினைத்தான். அதோடு பேச்சுவார்த்தை போயிற்று.

வீட்டுக்கதவில், புழு வளர்கிற வீடு என்பதற்கு அடையாளமாக, சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தால் சொந்த அண்ணன் தம்பிகூட நிலைப்படி தாண்ட மாட்டான். ஷுய்கென் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான். கட்டில்கூட வெளியே தாழ்வாரத்தில். வீடு முழுக்கத் தட்டு. தட்டு முழுக்க விரல் பருமனில் வெள்ளையாக நெளிகிறவை. எப்படியும் அவை தன்னை ஏமாற்றும் என்று எதிர்பார்த்தான்.

ஏமாற்றவில்லை. புழு மனிதனைப் போல இல்லை. பிடித்தால் தின்னும். பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே தலையைத் திருப்பிக்கொள்ளும். பசிக்கவில்லை, இப்போதுதான் சாப்பிட்டேன் என்கிற நாடகமெல்லாம் கிடையாது. இலையின் நடுவில் வாய் வைக்காது. ஓரத்துக்கு வரும், முன்னங்கால் ஆறாலும் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும், தலையை மேலே கொண்டுபோய் அங்கிருந்து கீழே வரைக்கும் ஒரே இழுப்பாக அரிந்துகொண்டு வரும். வந்ததும் மறுபடி மேலே. பிறை மாதிரி வெட்டு விழும், வெட்டு ஆழமாகும், பெரிய நரம்பு மட்டும் நிற்கும். பின்பக்கம் மிளகு மிளகாக விழுந்துகொண்டே இருக்கும். வாய்க்கும் வாலுக்கும் ஒரே நேரத்தில் வேலை.

இன்னொன்றும் கவனித்தான். ஒரு சாண் தள்ளி இலை கிடந்தாலும் அது தேடிப் போகாது. தலையைத் தூக்கி இரண்டு பக்கமும் பார்க்கும், பிறகு அப்படியே கிடக்கும். யாராவது கொண்டுவந்து வாய்க்குக் கீழே வைக்க வேண்டும். வைப்பார்கள் என்று நம்பிக்கொண்டு கிடக்கும். இது ஷுய்கென்னுக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. "எவனை நம்பிடா கிடக்குற?" என்று ஒன்றைக் கேட்டான். பிறகு அதன் வாய்க்குக் கீழே இலையை நகர்த்தி வைத்தான்.

எல்லாம் சேர்ந்து தின்னும்போது வருகிற சத்தம் அவனுக்குப் பழகின சத்தம். படகின் பாய்க்கூரையில் மழை பெய்கிற சத்தம். நாற்பது வருஷம் அதற்கடியில் தூங்கியிருக்கிறான்.

மூன்றாம் நாளுக்குள் அந்தச் சத்தம் குறைந்தால் அவனுக்குப் பொறுக்கவில்லை. குறைந்தால் இலை போட்டான். குறைவதற்கு முன்னாலும் போட்டான். யுன்ஷியான் அளந்து போடுகிறவள். இவன் அள்ளிப் போட்டான். தான் மட்டும் பழைய சோறும் கடுகுக்கீரை ஊறுகாயும் தின்றுகொண்டு, மீன் இல்லாமல், சாராயம் இல்லாமல், புகை இல்லாமல் கிடந்தான். அவற்றுக்கு மட்டும் கல்யாண விருந்து.

விளைவு, அவள் போன ஆறாம் நாள் காலையில் தோட்டத்தில் மரங்கள் மொட்டைக் குச்சியாக நின்றன. புழுக்கள் கூடு கட்ட வைக்கோலில் ஏற இன்னும் ஒன்றரை இரண்டு நாள் இருந்தது. இலை விற்கிற படகு ஒன்று துறைக்கு வந்தது. எந்த ஊர் இலை என்று கேட்டான், எப்போது பறித்தது என்று கேட்டான், மரத்துக்குப் பக்கத்தில் என்ன பயிர் என்று கேட்டான். படகுக்காரன் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான். சிரிக்கிறவனிடம் ஏதோ இருக்கிறது என்று துரத்திவிட்டான். நண்பகலுக்குள் வீட்டில் மழை நின்றுபோனது.

"ஷுய்கென் அண்ணே!"

அந்தக் கரையிலிருந்து அய்ஜென். ஒரு வருஷத்துக்குப் பிறகு.

"என்ன?"

"உன் வீட்டுச் சத்தம் நின்னுபோச்சே. இலை தீந்துடுச்சா?"

"என் வீட்டுச் சத்தத்தை நீ எதுக்குக் கேக்குற?"

"காது வெச்சிருக்கேன், கேக்குது. உன்னை மாதிரி வாயை மட்டுமா வெச்சிருக்கேன்? எங்க பாப்பாங்க முந்தாநாளே கூடு கட்ட ஏறிடுச்சு. மரத்துல ரெண்டு கூடை இலை மிச்சம் இருந்துச்சு. இப்பதான் பறிச்சேன். எடுத்துக்க."

"போன வருஷ மருந்துல மிச்சமா?"

அவள் தோணிக் கயிற்றை அவிழ்த்தாள். "யுன்ஷியானுக்காகக் குடுக்குறேன். உன் மூஞ்சிக்காக இல்ல."

சின்னத் தோணியில் இரண்டு கூடையையும் ஏற்றிக்கொண்டு வந்தாள். தோணியில் நின்றபடியே இவன் படித்துறைக் கல்லில் இறக்கிவைத்து, ஈரத்துணியை மேலே போட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். ஒரு படிகூட ஏறவில்லை. அந்த மாதத்தில் யாரும் ஏற மாட்டார்கள்.

ஷுய்கென் இலையை முகர்ந்து பார்த்தான், நாக்கில் வைத்துப் பார்த்தான். நல்ல இலை மாதிரிதான் இருந்தது. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. சந்தேகப்பட்ட இலையை முதலில் நாலைந்து புழுவுக்குப் போட்டுப் பார்ப்பது அந்த ஊர் வழக்கம். அது அவனுக்கும் தெரியும். எது எதை எடுப்பது என்று யோசித்தான். நோஞ்சானை எடுத்தால் அது எதையும் தின்னும். நன்றாகத் தின்று வளர்ந்ததற்குத்தான் நல்லது கெட்டது தெரியும். எல்லாத் தட்டிலும் தேடிப் பெருத்ததாகப் பத்து எடுத்தான். தனித் தட்டில் விட்டு, இலையைத் துடைத்துப் போட்டு, முக்காலியில் உட்கார்ந்தான். பின்னால் ஆயிரக்கணக்கில் தலைகள் வெறும் தட்டில் தூக்கிக்கொண்டு நின்றன. திரும்பிப் பார்க்காமல் இருந்தான்.

பத்தில் ஒன்று இலையின் ஓரம் வரைக்கும் வந்தது. முகர்ந்தது. தலையைத் திருப்பிக்கொண்டது.

இன்னொன்று இலை மேல் ஏறி, அதைப் பாதை மாதிரி மிதித்துக்கொண்டு போய்விட்டது. மூன்றாவது தலையை அண்ணாந்து தூக்கி மெதுவாக ஆட்டியது, எதையோ தேடுகிற மாதிரி. பிறகு நாலாவதும் ஆட்டியது. ஒரு சாண்கூட நகராத ஜாதியில் ஒன்று தட்டின் விளிம்பில் ஏறிச் சுற்ற ஆரம்பித்தது. ஷுய்கென் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு வாய் இல்லை. பத்தில் ஒன்றும் ஒரு வாய் கடிக்கவில்லை.

தலையை ஆட்டுவதை அவன் போன வருஷம் வாசலில் நின்று பார்த்தவன். அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

இரண்டு கூடையையும் படித்துறைக்குத் தூக்கிக்கொண்டு போனான். அந்தக் கரையில் அய்ஜென் துணி அடித்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கட்டும் என்று கூடைகளைத் தலைக்கு மேலே தூக்கி, தண்ணீரில் கவிழ்த்தான்.

"கொலைகாரி! ஒரு வருஷம் போதாதா உனக்கு? ஆஸ்பத்திரில கிடக்கிறவளோட..." வெறும் கூடைகளைப் படியில் எறிந்தான்.

அய்ஜென் கட்டையைக் கீழே வைத்தாள். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். "கக்குச்சா?" என்று கேட்டாள்.

"என்ன?"

"தண்ணி தண்ணியாக் கக்குச்சான்னு கேட்டேன்."

கக்கியதா? அவன் நினைத்துப் பார்த்தான். "தலையை ஆட்டுது. இலையைத் தொடல."

"அதைக் கேக்கல. கக்குச்சா, இல்லையா?"

"...இல்ல."

"எதை எடுத்துச் சோதிச்ச?"

"பெருசா இருந்ததை. பத்து."

"உள்ள போ. ஒண்ணை எடுத்து ஜன்னல்கிட்ட வெளிச்சத்துல பிடி. பிடிச்சிட்டு வந்து என்னைக் கொலைகாரின்னு சொல்லு."

போகக் கூடாது என்றுதான் நினைத்தான். கால் தானாக உள்ளே போய்விட்டது. விளிம்பில் சுற்றிக்கொண்டிருந்ததை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தான். காலையில் சுண்ணாம்பு மாதிரி இருந்தது, இப்போது கழுத்துப் பக்கம் வெளிச்சம் உள்ளே புகுந்து வெளியே வந்தது, தோலுரித்த திராட்சைக்குள் வருகிற மாதிரி. அது அவன் கட்டைவிரல் நகத்தில் வாயை ஒற்றியது. தலையை இந்தப் பக்கம் இழுத்தது. ஒற்றிய இடத்துக்கும் வாய்க்கும் நடுவில் ஏதோ மினுங்கியது. வெயிலில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகிற அளவுக்கு ஒரு நூல்.

கையை ஆட்டாமல் அப்படியே நின்றான். அது இன்னொரு தடவை ஒற்றியது.

படித்துறைக்கு வந்தபோது அவன் குரல் சின்னதாகிவிட்டது. "நூல் விடுது."

"சத்தமா சொல்லு, இப்ப மட்டும் என்ன?"

"நூல் விடுதுன்னேன்."

"பத்தும் பழுத்துடுச்சுய்யா, மடையா! தின்னு முடிச்சு, வயித்தைக் காலி பண்ணி, கூடு கட்ட இடம் தேடுது. ஏப்பம் விட்டவனை இழுத்து வந்து பந்தியில உக்கார வெச்சு, அவன் தின்னலன்னு சமைச்சவளைக் கொலைகாரிங்குற!" அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அங்கிருந்து தெரியவில்லை. "மத்ததுங்க பட்டினியில கிடக்கு. நின்னு பாக்குற. படகை எடு!"

கால்வாயில் அந்நேரம் நீரோட்டம் மெதுவாகத்தான் இருந்தது. அது ஒன்றுதான் அவன் செய்த புண்ணியம். பச்சைப் பாய் விரித்த மாதிரி இலைகள் பாலத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. படகைக் குறுக்கே விட்டு மறித்து, மீன்கூடையால் அள்ளினான். அந்தப் பக்கம் அய்ஜென் தோணியில் மண்டியிட்டுக் கையாலேயே வாரினாள். பாலத்துக்கடியில் போனது போக, முக்கால்வாசி கிடைத்தது.

அதற்கப்புறம் துடைக்கிற வேலை. அவன் தன் படித்துறையில், அவள் தன் படித்துறையில். நடுவில் தண்ணீர். ஒவ்வொரு இலையாக, முன்பக்கம், பின்பக்கம், காம்பு. படகுத் துடுப்புப் பிடித்துக் காய்த்த கைக்கு அது பெரிய தண்டனை. ஒரு கை சேர்ந்தால் உள்ளே ஓடிப்போய்ப் பசி அதிகமான தட்டில் போட்டுவிட்டு வந்தான்.

"ஒரு வாரமா உன் பக்கம் புகையைக் காணோமே. சுங்கான் எங்க?" என்றாள் அய்ஜென், தலை நிமிராமல்.

"எடுத்துட்டுப் போயிட்டா. வயித்தை அறுக்கப் போறவளுக்கு என் சுங்கான் எதுக்கு? சொல்லு பாப்போம். ஒரு வாரமா பைத்தியம் பிடிக்குது எனக்கு."

அய்ஜென் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. கையில் இருந்த இலையை இரண்டு தடவை துடைத்தாள்.

"அண்ணே. போன வருஷம் கூடு சீசனுக்கு முன்னால தோங்சியாங்லேருந்து என்ன ஏத்திட்டு வந்த?"

"புகையிலை. நாலு நடை. எதுக்கு?"

"அப்புறம் அதே படகுல என்ன ஏத்தின?"

தோட்டம் கால்வாய்த் திருப்பத்துக்கு அப்பால். மல்பெரி இலையைப் படகில்தான் கொண்டுவருவான். எப்போதும் அப்படித்தான்.

"படகைக் கழுவினியா?"

"பெருக்கினேன்."

"எங்க வீட்டுக்காரர் மருந்தடிச்சது உங்க பாப்பாங்க செத்து எட்டு நாள் கழிச்சு. ஊருக்கே தெரியும். உன்கிட்ட சொல்ல வந்தவங்களை யுன்ஷியான் தடுத்துட்டா. நான் மறுநாள் சண்டைக்குன்னே கிளம்பினேன். பாலத்துல வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா. 'அவருக்குத் தெரிஞ்சா படகைக் கொளுத்திடுவாரு அய்ஜென், அப்புறம் அந்த மனுஷன் எதைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு, கொஞ்ச நாள் திட்டு வாங்கிக்க, எனக்காக'ன்னா. வாங்கிக்கிட்டேன். கொஞ்ச நாள்னுதான் சொன்னா. நீ வருஷம் பூரா முறைச்ச."

வீட்டுக்குள் புகைக்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். புகைதான் ஆகாது என்று நினைத்திருந்தான். புகையிலை கிடந்த பலகையில் வைத்த மல்பெரி இலைகூட விஷம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அவன் யாரையும் எதையும் கேட்கிறவன் இல்லை.

சட்டென்று எழுந்தான். "இந்தப் படகு? இப்ப அள்ளினது?"

"உக்காரு. புத்தாண்டுக்கு மூணு நாள் அதைத் தேய்ச்சாளே, எதுக்குன்னு நினைச்ச? அழகுக்கா?"

அழகுக்கு என்றுதான் நினைத்திருந்தான். படகுக்கு மணப்பெண் அலங்காரமா என்று கேலிகூடச் செய்தான். அவள் தேய்த்துக்கொண்டே சிரித்தாள்.

உட்கார்ந்தான். அடுத்த இலையை எடுத்தான்.

கடைசிக் கூடையையும் கொண்டுபோய்ப் பரப்பியபோது வெயில் இன்னும் சுவரில் இருந்தது. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு தட்டில் தூறல் மாதிரி. பிறகு பக்கத்துத் தட்டில். பிறகு வீடு முழுக்க. அந்தக் கரையில் அய்ஜென் கொஞ்சம் நின்று கேட்டுவிட்டு, நனைந்த துணிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அந்தப் பத்தையும், கூடு கட்ட வைக்கோல் கட்டு விரித்து, மூலையில் தனியாக ஏற்றிவைத்தான். தனியாக எதற்கு என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

அதிலிருந்து நாலாம் நாள் தங்கச்சியின் தோள் பிடித்து யுன்ஷியான் வந்து இறங்கினாள். மெலிந்திருந்தாள். நிலைப்படிக்கு வெளியே நின்றாள். உள்ளே சத்தம் இல்லை. தின்கிற சத்தம் இல்லாத வீட்டைப் பார்த்து அவள் முகம் மாறியது.

"எல்லாம் ஏறிடுச்சு," என்றான் ஷுய்கென் அவசரமாக. "வைக்கோல்ல இருக்கு. பாதி கட்டி முடிச்சிடுச்சு."

அவள் நம்பின மாதிரித் தெரியவில்லை. அவன் வலது கையை இழுத்து, மூக்குக்குப் பக்கத்தில் வைத்து முகர்ந்தாள். உள்ளங்கை, விரலிடுக்கு, நகம். பிறகு இடது கை.

"சுங்கான் மூட்டையில இருக்கு. வேணுமா?" என்றாள்.

"கூடு எடுத்தப்புறம் குடு."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். யார் சொன்னது என்று கேட்கவில்லை. கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

"ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

அவன் யோசித்தான். நல்ல பதிலாக ஒன்று இருக்கிறதா என்று தேடிப் பார்த்தான்.

"மாட்டேன்."

"அப்புறம் என்ன? தள்ளு, வழியில நிக்காத." வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியைத் தாண்டி உள்ளே போனாள். உள்ளே போனதும், "அய்யோ, இந்தப் பத்துக்கு மட்டும் என்ன தனிக் குடித்தனம்?" என்று அவள் கேட்பது காதில் விழுந்தது.

அவன் படித்துறைக்கு இறங்கிப் போனான். திட்டினது இரண்டு கரையும் கேட்டது. தப்பு தன்னுடையது என்பதை மட்டும் காதோடு சொல்லிவிட்டுப் போக முடியாது. வாயருகே கையைக் குவித்து அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"அய்ஜென்! படகு என்னுது! புகையிலை என்னுது! உன் புருஷன் மேல தப்பில்ல! கேக்குதா?"

மூன்று நாலு வீட்டில் ஜன்னல் திறந்தது. பாலத்தில் போன ஒருவன் நின்றுவிட்டான். அய்ஜென் ஈரக்கையோடு வெளியே ஓடிவந்தாள்.

"கத்தாதய்யா! பாப்பாங்க கூடு கட்டுதுங்க!"